ஒரே நாளில் பிடுங்காதீர்கள்: ஸ்காபரோ பின்வளவில் இலையுதிர்காலத் தோட்டம்

செப்டெம்பர் கடைசிக் கிழமை வந்துவிட்டால், கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம் எங்கள் தெருவில் தமிழ் வீடுகளின் பின்வளவுகள் எல்லாவற்றிலும் ஆள் நடமாட்டம் தெரியும். சனிக்கிழமை காலை, நல்ல வெயில். தக்காளியையும் மிளகாயையும் வேரோடு பிடுங்கிக் குவிக்கிறார்கள். "இனிக் குளிர் வந்திடும், இண்டைக்கே துப்புரவாக்கிப் போடுவம்" என்ற அவசரம். அந்தச் செடிகளில் இன்னும் இரண்டு கிழமைக்குக் காய் இருக்கும். இன்னும் சிலர் ஒன்றையும் தொடாமல் விட்டுவிட்டு, ஒருநாள் விடிய எழும்பிப் பார்க்கும்போது முழுத் தோட்டமும் அவித்த கீரைபோலக் கறுத்துத் தொங்கும்.

நான் இரண்டையும் செய்து பார்த்தவள். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் செம்மண் தோட்டம் செய்தவரின் மகள். எங்களுக்கு ஊரில் மழையும் வெயிலும் தெரியும், உறைபனி தெரியாது. 1999இல் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம், பின்வளவில் 20 அடிக்கு 30 அடி நிலத்தைக் கொத்தி, மிளகாய், கத்தரி, வெண்டி, பயற்றை, பாகல் எல்லாம் வைத்தேன். ஒக்டோபர் நடுவில் ஒரு இரவு, ரிவியில் மறுநாள் காலை 3 பாகை என்றார்கள். பூச்சியத்துக்கு மேலேதானே என்று நித்திரைக்குப் போனேன். விடியப் பார்த்தால் புல்லில் வெள்ளைப் பொடி தூவியதுபோல் பனி. வெயில் ஏற ஏற மிளகாய் இலைகள் ஒவ்வொன்றாகத் துவண்டு கறுத்தன. அரைக் கடகம் பச்சை மிளகாய் செடியிலேயே நீர்கோத்துப் பழுதாகிவிட்டது. அன்று அழுதேன்.

ஏன் அப்படி நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. வானிலை அறிக்கையில் சொல்லும் வெப்பநிலை, நிலத்திலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு அண்மையில் அளப்பது. முகில் இல்லாத, காற்று அசையாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிடும். பாரமான குளிர்காற்று கீழே படியும். மேலே 3 பாகை இருக்கும்போதே மிளகாய்ச் செடி நிற்கும் உயரத்தில் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். இடத்துக்கு இடமும் மாறும். புளவ்ஸ் பக்கம், ஒன்ராறியோ ஏரிக்கு அண்மையில் இருப்பவர்களுக்கு ஏரித் தண்ணீரின் சூடு உதவும், பனி பிந்தி வரும். ஸ்ரீல்ஸ் வீதிப் பக்கமும் அதற்கு வடக்கே மார்க்கம் பக்கமும் முந்தி வரும். ஒரே தெருவில்கூடப் பள்ளத்தில் இருக்கும் வளவு முதலில் கறுக்கும்.

ஆகையால் நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ஒரு வெப்பமானி. இரவில் எவ்வளவு கீழே போனது என்று நினைவில் வைத்திருக்கும் வகை வேண்டும். அதை மிளகாய்ச் செடி உயரத்தில் ஒரு தடியில் கட்டி விடுங்கள். செப்டெம்பர் நடுவிலிருந்து காலையில் தேநீர்க் கோப்பையோடு போய் அதைப் பாருங்கள். நாட்காட்டியைப் பார்த்துத் தோட்டத்தைக் கலைக்கக்கூடாது. ஒவ்வொரு பயிருக்கும் தாங்கக்கூடிய குளிர் வேறு வேறு. அந்த வரிசையில் போனால் ஓகஸ்டில் தொடங்கிய அறுவடை டிசம்பர் வரை நீளும்.

இரவு 10 பாகைக்கு இறங்கும்போது

இது பெரும்பாலும் செப்டெம்பர் நடுவுக்கும் கடைசிக்கும் இடையில் வரும். எங்கள் ஊர்ப் பயிர்கள் எல்லாம் இந்தக் குளிரிலேயே வளர்ச்சியை நிறுத்திவிடும். வெண்டி பூக்கும், ஆனால் காய் ஒரு விரல் நீளத்தில் நின்று நார் பிடிக்கும். கத்தரிக்காய் மினுக்கம் இழக்கும். புடலங்காயும் பயற்றங்காயும் அப்படியே. இவற்றில் சின்னது பெரியது பார்க்காமல் உண்ணக்கூடியதை எல்லாம் ஆய்ந்துவிடுங்கள். கத்தரிப் பிஞ்சை முழுதாகவே பொரித்துக் குழம்பு வைத்தால் முற்றிய காயைவிட ருசி.

தக்காளிக்கு மட்டும் இதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. செப்டெம்பர் தொடக்கத்தில் ஒவ்வொரு கிளையின் நுனியையும், புதிதாக வரும் பூக்களையும் கிள்ளிவிட வேண்டும். அந்தப் பூ காயாகிப் பழுப்பதற்கு நாள் போதாது. கிள்ளினால் செடியின் பலம் ஏற்கெனவே உருண்டு நிற்கிற காய்களுக்குப் போகும்.

இனிச் சாடிகள். கறிவேப்பிலையைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் கேட்பார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கறிவேப்பிலைச் செடியை உள்ளே எடுப்பதற்கு உறைபனி வரும்வரை காத்திருக்க வேண்டாம். 10 பாகை போதும். ஆனால் வெளியிலிருந்து நேரே வரவேற்பறைக்குக் கொண்டுபோனால், வெளிச்சமும் ஈரமும் ஒரே நாளில் குறைந்து, ஒரு கிழமைக்குள் எல்லா இலையையும் கொட்டிவிடும். முதலில் நாலைந்து நாள் வீட்டுச் சுவரோடு நிழலில் வையுங்கள். அதன்பின் ஒரு வெயில் நாளில் செடியைச் சரித்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரால் இலையின் அடிப்பக்கத்தை அடித்துக் கழுவ வேண்டும். செதிற்பூச்சி தண்டின் நிறத்திலேயே சின்னச் செதில்போல ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் தண்டின் கணு என்றுதான் நினைப்பீர்கள். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கழன்று வந்து விரலில் பிசுபிசுத்தால் அது பூச்சி. ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான சவர்க்காரத் திரவம் கலந்து, துணியால் தண்டு முழுக்கத் துடைத்து, பத்து நிமிடத்தால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஒரு கிழமை கழித்து இன்னொரு முறை. இதைச் செய்யாமல் உள்ளே எடுத்தால் ஜனவரியில் செடி முழுக்கச் சிலந்திப் பேன் வலை பின்னியிருக்கும், பக்கத்தில் நிற்கிற மல்லிகைக்கும் தாவும்.

உள்ளே தெற்குப் பார்த்த ஜன்னல்தான் அதற்கு இடம். சூடேற்றியின் காற்று வரும் துவாரத்துக்கு மேலே வைக்காதீர்கள். தண்ணீரைப் பாதிக்கு மேல் குறையுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். குளிர்காலத்தில் கறிவேப்பிலை சாவது பெரும்பாலும் தண்ணீர் கூடி வேர் அழுகுவதால்தான். பெப்ரவரியில் ஓர் இலைகூட இல்லாமல் வெறும் தடியாக நின்றாலும் தூக்கி எறிய வேண்டாம். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. என்னுடைய செடிக்கு இப்போது 17 வயது. நாலு தடவை அப்படி நின்று திரும்பத் துளிர்த்தது.

மல்லிகை, துளசி, வல்லாரைக்கும் இதே ஒழுங்குதான். வல்லாரையைச் சாடி முழுக்க எடுக்கத் தேவையில்லை, வேரோடு ஒரு கைப்பிடி போதும். மஞ்சளும் இஞ்சியும் சாடியில் வைத்திருந்தால் உள்ளே எடுத்துத் தண்ணீரைக் குறைத்து, இலை மஞ்சளித்துச் சாய்ந்தபின் கிண்டுங்கள். நான் ஒரு மஞ்சள் சாடியை மட்டும் கிண்டாமல் நல்ல வெளிச்சத்தில் வைப்பேன். சில வருடம் தைப்பொங்கல் வரை இலை பச்சையாக நிற்கும். பொங்கல் பானையில் கட்ட இலையோடு மஞ்சள் கிடைக்கும்.

நல்ல மிளகாய்ச் செடி ஒன்றையும் காப்பாற்றலாம். ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, சாடிக்கு மாற்றி, நிலக்கீழ் அறையின் சின்ன ஜன்னலருகே குளிர்ச்சியாக வைத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் காட்டுங்கள். மே மாதத்தில் அது வெளியே போனால், விதை போட்ட கன்றுகளுக்கு ஒரு மாதம் முந்திக் காய்க்கும்.

விதை

ஒவ்வொரு வருடமும் கடையில் பாகல் விதை வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். இங்கே குறுகிய கோடையில் நின்று பிடித்துக் காய்த்த கொடியின் விதை, அடுத்த வருடமும் இங்கே நின்று பிடிக்கும். என் பயற்றை விதை 20 வருடத்துக்கு மேலாக என் வளவிலேயே சுற்றி வருகிறது.

விதைக்கு விடும் காயை ஓகஸ்ட் கடைசியிலேயே தெரிவுசெய்து சிவப்பு நூல் கட்டிவிடுங்கள், வீட்டில் வேறு யாரும் ஆயாமல் இருக்க. கொடியில் முதலாவதாகக் காய்த்த நல்ல காயாகப் பாருங்கள். பாகற்காய் முற்றி, பச்சை போய்ச் செம்மஞ்சளாகி, ஒருநாள் காலையில் கீழ்நுனி மூன்றாகப் பிளந்து வாய்திறக்கும். உள்ளே இரத்தச் சிவப்பில் வழுவழுப்பான தோல் மூடிய விதைகள். அதை அணில் கண்டால் உங்களுக்கு மிஞ்சாது. ஆகையால் காய் மஞ்சளிக்கத் தொடங்கியவுடன் ஆய்ந்து, சமையலறை ஜன்னலில் ஒரு தட்டில் வையுங்கள், அங்கேயே பிளக்கும். சிவப்புத் தோலை விரலால் உரித்துக் கழுவினால் உள்ளே தவிட்டு நிறத்தில், ஆமை ஓடுபோல வரிவரியாகச் செதுக்கிய விதை வரும். இரண்டு விதையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். டக்கென்று கெட்டிச் சத்தம் வந்தால் முற்றிய விதை. மெத்தென்று இருந்தால் முளைக்காது. நிழலில் இரண்டு கிழமை காயவிட்டுக் கடித உறையில் போட்டு, வருடத்தை எழுதுங்கள். அம்மா ஊரில் சாம்பல் பிரட்டிப் போத்தலில் போட்டு வைப்பா. இங்கே விறகடுப்பு இல்லை. நன்றாகக் காய்ந்த விதை என்றால் இறுக மூடிய போத்தலும் குளிர்ச்சியான மூலையும் போதும்.

கத்தரி விதைக்கு, காய் செடியிலேயே மஞ்சள் தட்டிப் பழுக்க வேண்டும். பழத்தைப் பிசைந்து தண்ணீரில் விட்டால் நல்ல விதை அடியில் நிற்கும், மிதப்பதை ஊற்றிவிடலாம். பயற்றை நெற்று கையில் குலுக்கினால் கிலுங்க வேண்டும். மழை நாட்களாக இருந்தால் நெற்று கொடியிலேயே பூசணம் பிடித்துவிடும், பாதி காய்ந்த நிலையிலேயே ஆய்ந்து உள்ளே சுளகில் பரப்புங்கள். பூசணி விதையை மட்டும் நான் எடுப்பதில்லை. அயல் வளவுகளில் வேறு வேறு பூசணிகள் நிற்பதால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும், அடுத்த வருடம் என்ன காய்க்கும் என்று சொல்ல முடியாது.

உறைபனி வரும் மாலை

கனடாச் சுற்றாடல் திணைக்களம் உறைபனி அறிவித்தல் விடும். அதற்குக் காத்திருக்காமல், வானம் தெளிந்து, காற்று விழுந்து, மாலை ஆறு மணிக்கே மூக்கு நுனி குளிர்ந்தால் கூடையை எடுங்கள். அறிக்கையில் 4 பாகை என்றாலே நான் இறங்கிவிடுவேன்.

அடுத்த பத்து நாள் நல்ல வெயில் என்று தெரிந்தால், அந்த ஓர் இரவுக்குப் பழைய கட்டில் விரிப்புகளால் மூடிச் செடியைக் காப்பாற்றலாம். துணி நிலம்வரை தொங்கி, ஓரத்தில் கல் வைத்து அடைக்க வேண்டும். நிலத்தின் சூட்டைப் பிடித்து வைப்பதற்குத்தானே மூடுகிறோம். செடியின் தலையில் மட்டும் தொப்பிபோலப் போட்டால் பலனில்லை. பிளாஸ்ரிக் வேண்டாம், இலையில் முட்டும் இடமெல்லாம் கருகும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

இனி வெயிலும் இல்லை என்றால் எல்லாவற்றையும் ஆய வேண்டியதுதான். மிளகாயை ஒவ்வொன்றாக ஆயாமல் செடியோடு பிடுங்கி, மண்ணை உதறி, கராஜில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். நிறம் மாறத் தொடங்கிய காய் எல்லாம் இரண்டு கிழமையில் சிவக்கும். பச்சையாகவே நிற்பதில் நான் மோர்மிளகாய் போடுவேன். அரைக் கிலோ மிளகாயை நடுவில் கீறி, இரண்டு கப் புளித்த தயிரைக் கொஞ்சத் தண்ணீரில் அடித்து, மூன்று மேசைக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி வெந்தயப் பொடியும் சேர்த்து ஊறவிட வேண்டும். ஊரில் என்றால் பகலில் வெயிலில் காயவிட்டு, இரவில் திரும்ப மோரில் போட்டு, மோர் வற்றும்வரை செய்வோம். ஒக்டோபர் வெயிலில் இங்கே காயாது, பூசணம்தான் பிடிக்கும். நான் மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவிட்டு, வடித்துத் தட்டில் பரப்பி, மின்னடுப்பின் அவனில் மிகக் குறைந்த சூட்டில், என்னுடையதில் அது 170 பரனைற், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, கையில் உடையும்வரை காயவைப்பேன். ஏழு எட்டு மணித்தியாலம் பிடிக்கும். வெயிலில் காய்ந்த மணம் முழுதாக வராது, ஆனால் மார்ச் மாதம் வரை கெடாமல் இருக்கும்.

தக்காளிக்காய்களை மூன்றாகப் பிரியுங்கள். கொஞ்சமாவது நிறம் தட்டியது, பச்சையாக ஆனால் முழு அளவுக்கு வந்து தோல் மினுங்குவது, மங்கிய பச்சையில் கல்லுப்போல இருக்கும் பிஞ்சு. சந்தேகமானால் ஒன்றை வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றிக் கூழ் பிடித்து, கத்தி விதையை வெட்டாமல் வழுக்கினால் அந்த அளவுக் காய்கள் பழுக்கும். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் பழுக்காது. அவற்றைப் பால்கறிக்கும் ஊறுகாய்க்கும் ஒதுக்குங்கள். பழுக்கக்கூடியவற்றைத் துடைத்து, காம்பை நீக்கி, ஒன்றோடொன்று முட்டாமல் காட்போட் பெட்டியில் ஒரே அடுக்காக வைத்து, மேலே பத்திரிகைத் தாள் போடுங்கள். ஜன்னல் வெயில் தேவையில்லை, 15க்கும் 20க்கும் இடைப்பட்ட சூடுதான் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பழுப்பது நின்று ருசியும் கெடும். அவசரமென்றால் ஒரு பழுத்த வாழைப்பழத்தைக் கூட வையுங்கள், அதிலிருந்து வரும் வாயு மற்றக் காய்களைப் பழுக்கவைக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பெட்டியைப் பார்த்து அழுகியதை எடுக்க மறக்க வேண்டாம். நவம்பர் கடைசியிலும் நான் என் தக்காளியில் ரசம் வைத்திருக்கிறேன்.

பூசணிக்காயைக் காம்பு ஒரு விரல் நீளம் விட்டு வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கக்கூடாது, உடைந்தால் அந்த இடத்தால் அழுகல் இறங்கும். வீட்டில் சூடான இடத்தில் பத்து நாள் வைத்துத் தோலை இறுகவிட்டு, பிறகு குளிர்ச்சியான நிலக்கீழ் அறைக்குக் கொண்டுபோங்கள். வெறும் சீமெந்துத் தரையில் வைக்காமல் ஒரு பலகையில் வையுங்கள்.

குளிர் பட்டால் இனிப்பவை

ஒக்டோபரோடு தோட்டம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் கேல், கரட், லீக்ஸ், பீற்றூட் நடாதவர்கள். கேலும் கரட்டும் உறைபனி பட்டால் தங்களுக்குள் இருக்கும் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். சர்க்கரைச் சாறு இலகுவில் உறையாது, அதுதான் அவை குளிரைத் தாங்கும் வழி. நாங்கள் சாப்பிடுவது அந்த இனிப்பை. செப்டெம்பரில் ஆய்ந்த கேலில் வறை செய்தால் கசக்கும். இரண்டு மூன்று உறைபனி கண்டபின் அதே செடியில் ஆய்ந்து, தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்துப் பாருங்கள், முருங்கை இலை வறையைத் தேட மாட்டீர்கள். கீழ் இலையாக ஆய்ந்துகொண்டு வந்தால் குருத்து தொடர்ந்து தள்ளும். இலை விறைத்து உறைந்திருக்கும் காலையில் மட்டும் தொடாதீர்கள். மத்தியானம் இளகியபின் ஆயுங்கள்.

கரட்டை முழுவதும் கிண்டத் தேவையில்லை. நிலம்தான் நல்ல குளிர்சாதனப் பெட்டி. வரிசைக்கு மேலே ஓர் அடி தடிப்பில் காய்ந்த சருகு போட்டு, ஒரு பழைய துணியால் மூடிவிட்டால் வேண்டியபோது விலக்கிக் கிண்டலாம். பீற்றூட் அவ்வளவு தாங்காது, நவம்பர் தொடக்கத்தில் எடுத்துவிடுங்கள். கந்தசஷ்டி விரதம் பெரும்பாலும் ஒக்டோபர் கடைசிக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில் முடியும். பாறணைக்கு என் வளவு லீக்ஸும் கரட்டும் கேலும் இலையில் இருக்க வேண்டும் என்று ஜூலையிலேயே கணக்குப் பார்த்துத்தான் கரட் விதை போடுவேன்.

எதைப் பிடுங்குவது, எதை விடுவது

துப்புரவு என்பது இந்த நேரத்தில்தான், கறுத்தவற்றிலிருந்து தொடங்கி. தக்காளி இலையில் வட்டம் வட்டமாகப் புள்ளி, பூசணி இலையில் வெள்ளைப் பொடி இருந்தவை எல்லாம் வளவை விட்டு வெளியே போக வேண்டும். தக்காளியின் புள்ளிநோய்ப் பூஞ்சணம் காய்ந்த இலையிலேயே குளிர்காலத்தைக் கழித்து, மே மழையில் மண்ணோடு தெறித்து அடுத்த செடியில் ஏறும். வீட்டுக் கூட்டெருக் குவியல் அதைக் கொல்லும் அளவுக்குச் சூடாகாது. ஒரு வருடம் நான் நோய்ப்பட்ட தக்காளிக் கொடிகளைக் குவியலில் போட்டு, அந்த எருவையே அடுத்த வருடம் பாத்திக்கும் போட்டு, ஜூலையிலேயே தக்காளியை இழந்தேன். இப்போது அவற்றைக் கபிலநிறக் கடதாசிப் பைகளில் கட்டித் தெருவோரம் வைத்துவிடுகிறேன். ரொறன்ரோ மாநகரசபை வளவுக் கழிவை டிசம்பர் நடுவரை எடுக்கும். பிளாஸ்ரிக் பையில் கட்டினால் எடுக்க மாட்டார்கள். விழுந்து அழுகிய தக்காளிகளையும் பொறுக்குங்கள், இல்லாவிட்டால் ராக்கூன் வரும்.

நோய் இல்லாத வெண்டி, பயற்றை, பாகல் கொடிகளைச் சிறு துண்டுகளாக வெட்டிக் குவியலில் போடலாம். ஒரு பங்கு பச்சைக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு.

பயற்றையைப் பிடுங்கக்கூடாது. என் மருமகன் கல்யாணம் முடித்து வந்த முதல் வருடம் உதவிக்கு நின்றவர், "மாமி, இந்த அடிக்கட்டையளை ஏன் விட்டிருக்கிறியள்? இழுத்தால் வந்திடும்" என்றார். ஒன்றை இழுக்கச் சொல்லி, வேரைக் கையில் கொடுத்துக் காட்டினேன். வேர் முழுக்கக் கடுகளவு உருண்டைகள். ஒன்றை நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும் நுண்ணுயிர் குடியிருக்கும் வீடு அது. மண்மட்டத்தில் வெட்டி வேரை உள்ளேயே விட்டால் அந்தச் சத்தும் மண்ணுக்கு, வேர் அழுகிய துவாரமும் மண்ணுக்கு. ஸ்காபரோவின் களிமண்ணில் அந்தத் துவாரம் மிகப் பெரிய உதவி. பிடுங்காத மிளகாய், வெண்டி வேர்களையும் நோய் இல்லையென்றால் அப்படியே விடலாம். மழை பெய்து ஈரமாக இருக்கும் களிமண்ணைக் கொத்த வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம். வசந்தத்தில் செங்கல்லாக இறுகி நிற்கும்.

பந்தல் வலையைக் கொடி பச்சையாக இருக்கும்போதே கழற்றப் பார்ப்பவர்கள் வலையைக் கிழிப்பார்கள். அடியை வெட்டிவிட்டு இரண்டு கிழமை காயவிட்டால் உதறினாலே கொடி உதிரும்.

மேப்பிள் குழை

ஐயா செம்மண் தோட்டத்தில் பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்ப்பார். ஆழமாகக் கான் வெட்டி, குழையை மிதித்து அடுக்கி, மண்ணால் மூடி, அதன்மேல்தான் அடுத்த பயிர். குழைக்குக் காசு கொடுத்து, வண்டிலில் ஏற்றி வந்து போடுவார்கள். இங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பத்துப் பைகளில் மேப்பிள் இலையைக் கட்டிக் குப்பையென்று வைக்கிறார்கள். அதைக் கண்ட முதல் இலையுதிர்காலத்தில் எனக்கு நெஞ்சு பதைத்தது. இப்போது அயலட்டையில் கேட்டு ஒவ்வொரு வருடமும் 15 பைகளாவது எடுத்து வருவேன்.

முழு இலையாகப் போட்டால் ஈரத்தில் ஒட்டித் தகடாகி, தண்ணீரைத் தடுக்கும். ஆகையால் என் கணவர் அதைப் புல்லில் பரப்பிப் புல்வெட்டியால் இரண்டு தரம் ஓடுவார், நொறுங்கிவிடும். வெறுமையான பாத்தியில் முதலில் ஓர் அங்குலம் ஆட்டெரு, அதன்மேல் நாலைந்து அங்குலம் நொறுங்கிய சருகு. கொத்த வேண்டாம், மண்புழு உள்ளே இழுத்துவிடும். இலையில் தார் ஒட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், அது மேப்பிளுக்கு வரும் நோய். மரக்கறிக்கு ஒன்றும் செய்யாது. கறுப்பு வால்நட் மரத்து இலையை மட்டும் தொடாதீர்கள், அதிலுள்ள நஞ்சு தக்காளிக்கும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஆகாது.

ஒரு பாத்தியை உள்ளிக்கு, அதாவது வெள்ளைப்பூண்டுக்கு, ஒதுக்குங்கள். நன்றி தெரிவித்தல் நாள், அதாவது ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமையிலிருந்து நவம்பர் முதல் கிழமை வரை நடலாம். இதை எனக்குக் காட்டித் தந்தவர் அடுத்த வளவில் இருந்த இத்தாலிய முதியவர். அவர் அதே நாட்களில் தன் அத்திமரத்தை வளைத்துப் பள்ளத்தில் கிடத்தி, பலகையும் மண்ணும் போட்டு மூடுவார். கடையில் சமையலுக்கு விற்கிற இறக்குமதி உள்ளி இங்கத்தைய குளிருக்குப் பொருந்தாததாக இருக்கலாம். ஒன்ராறியோவில் விளைந்த, நடுவில் கெட்டித் தண்டுள்ள உள்ளியை உழவர் சந்தையில் வாங்குங்கள். 'மியூசிக்' என்ற இனம் எனக்குத் தவறியதில்லை. பூண்டை நடும் அன்றே பல்லாகப் பிரித்து, தோலை உரிக்காமல், பருத்த பல்லை மட்டும் கூர் மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில், அரை அடி இடைவெளியில் ஊன்றுங்கள். சின்னப் பல்லைக் கறிக்கு விடுங்கள். மேலே நாலு அங்குலம் சருகு. அணில் உள்ளியைத் தின்னாது, ஆனால் புது மண்ணைக் கண்டால் கிண்டிப் பார்க்கும். மண் இறுகும்வரை பந்தலிலிருந்து கழற்றிய வலையைப் பரப்பி வைத்தால் போதும். ஜூனில் வளைந்து வரும் பூந்தண்டை ஒடித்துப் பிரட்டல் கறி வைக்கலாம், ஜூலையில் பூண்டு.

தண்ணீர்க் குழாய்

இது சின்ன வேலை, ஆனால் மறந்தால் வீட்டையே நனைக்கும். வெளிக்குழாய்க்குப் போகும் தண்ணீரை உள்ளே நிலக்கீழ் அறையில் மூடி, வெளியே குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, அப்படியே திறந்தபடி விடுங்கள். ரப்பர்க் குழாயைக் கழற்றித் தண்ணீர் வடித்துச் சுருட்டுங்கள். மண்சாடிகளைக் கவிழ்த்து உள்ளே வையுங்கள், ஈரம் உறைந்தால் வெடிக்கும். மண்வெட்டியையும் கத்தரிக்கோலையும் மண் போகத் துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

எனக்கு இதெல்லாம் முடியும் நாள் கார்த்திகை விளக்கீடு, நவம்பர் நடுவுக்கும் டிசம்பர் நடுவுக்கும் இடையில் வரும். ஊரில் கிணற்றடி, மாட்டுக்கொட்டில், எருக்கும்பி என்று எல்லா இடத்திலும் துணி சுற்றிய பந்தத் தடி நட்டுக் கொளுத்துவோம். இங்கே உள்ளிப் பாத்திக்கு ஒன்று, கூட்டெருக் குவியலுக்கு ஒன்று, கரட் வரிசைக்கு ஒன்று நடுவேன். கரட் வரிசையின் சருகை விலக்கித் தடியை ஊன்றும்போது அது இலகுவாக மண்ணில் இறங்கினால், இன்னும் ஒன்றிரண்டு கிழமைக்கு விட்டுவைப்பேன். தடி முட்டி நின்றால் அடுத்த நாள் மத்தியானமே எல்லாக் கரட்டையும் கிண்டி எடுத்துவிட வேண்டும்.